ஞாயிற்றுக்கிழமை தெரு அளப்பவர்கள்

"எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து கிடக்கான், வெளிய காத்து வாங்கக்கூடப் போறதில்ல" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் புகார். இந்தப் புகாரைச் சொல்லவே முடியாத ஒரு பொழுதுபோக்கு உண்டு. வார நாட்களில் ராத்திரி மென்பொருளை நோண்டுவது, ஞாயிறு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைவது. இதில் ஒன்றை விட்டால் மற்றதும் படுத்துவிடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்துக்கு ஊரை வரைந்து கொடுப்பவர்களின் பொழுதுபோக்கு அது. விக்கிபீடியாவில் யார் வேண்டுமானாலும் கட்டுரையைத் திருத்தலாம் அல்லவா? அதேபோல் இங்கே யார் வேண்டுமானாலும் தெருவைத் திருத்தலாம்.

வரைபடம்தான் கைபேசியிலேயே இருக்கிறதே, அதைப் பார்த்து வரைந்தால் போதாதா, எதற்கு வெயிலில் அலைய வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

2004 ஆகஸ்டில் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற கல்லூரி மாணவர் இதைத் தொடங்கினார். பிரிட்டனில் வரைபடம் என்றால் ஆர்ட்னன்ஸ் சர்வே. 1791-ல் தொடங்கிய அரசு அமைப்பு. அதன் வரைபடங்களின் நேர்த்தியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் தரவு வேண்டுமானால் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். வாங்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001-ல் ஓர் உதாரணம் நடந்தது. ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற பெரிய வாகன ஓட்டிகள் சங்கம், ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களை நகலெடுத்த வழக்கில் 2 கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நகல் என்று எப்படித் தெரிந்ததாம்? சாலைக்கோட்டின் அகலம் போன்ற சின்னச் சின்ன அங்க அடையாளங்கள் வைத்து! பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் எழுத்துப்பிழையோடு சேர்த்து எழுதி மாட்டிக்கொண்ட கதைதான்.

ஆகவே, எந்த வரைபடத்தையும் பார்த்து எழுதக்கூடாது என்பதை ஓபன்ஸ்ட்ரீட்மேப் முதல் விதியாக வைத்துக்கொண்டது. பார்த்து எழுதக்கூடாது என்றால் மிச்சம் இருப்பது ஒரே வழி. நேரில் போக வேண்டும். கணினிக்காரர்களை வெயிலுக்கு இழுத்து வந்த பெருமை பெற்றோருக்கு இல்லை, பதிப்புரிமைச் சட்டத்துக்குத்தான் :-)

இன்னொரு சங்கதியும் கைகொடுத்தது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது அமெரிக்கா. 2000 மே 2-ஆம் தேதி அதை நிறுத்தியது. அதற்கு முன்னால் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவி, அதன் பிறகு எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லும் அளவுக்குத் திருந்தியது. 100 மீட்டர் பிழையோடு நம்ம ஊர்ச் சந்துகளை வரைந்தால் எதிர்வீட்டுக்காரர் குளத்துக்குள் இருப்பார்.

2006 மே மாதம் சுமார் 40 பேர் ஒரு வார இறுதியில் வைட் தீவில் கூடினார்கள். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய தீவு அது. காரிலும் சைக்கிளிலும் நடந்தும் பிரித்துக்கொண்டு சாலைகளைப் பதிந்தார்கள், மாலையில் ஒரே அறையில் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார்கள். வரைபட விருந்து என்று பெயர். அந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. (2010 ஏப்ரல் 1 அன்று ஆர்ட்னன்ஸ் சர்வேயே தன் தரவில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டது. அது முட்டாள்கள் தினம் என்பது தற்செயல்தான்.)

சரி, இப்படிப்பட்ட ஒருவரின் வாரம் எப்படி ஓடும்?

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்புகிறார். சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி விநாடிக்கு ஒரு புள்ளியாக அவர் போகும் வழியைப் பதிகிறது. மதகு வந்தால் நின்று ஒரு படம். கலங்கல் வந்தால் ஒரு படம். கலங்கலில் வழியும் நீர் எந்த வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது என்று வரப்பு வரப்பாகப் பின்தொடர்கிறார். பாதி வழியில் வாய்க்காலைக் காணோம். அதன்மேல் மனைப்பிரிவு போட்டிருக்கிறார்கள். அதையும் குறித்துக்கொள்கிறார். நாய்கள் விரட்டுவது தனிக்கதை.

திங்கள் ராத்திரி கணினியில் பார்த்தால் சைக்கிளில் நேராகப் போன பாதை, குடித்துவிட்டு நடந்தவன் தடம் மாதிரி வளைந்து கிடக்கும். உயரமான கட்டடங்களுக்கு இடையில் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் கருவி குழம்பிவிடுகிறது. ஒரே பாதையில் பத்து முறை போன தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் நடுவில் உண்மையான சாலை தெரியும். இன்று செயற்கைக்கோள் படங்களை அடியில் வைத்து வரைய அனுமதி இருக்கிறது. முதலில் 2006-ல் யாகூவும் பிறகு 2010-ல் மைக்ரோசாஃப்ட்டின் பிங்கும் கொடுத்த அனுமதி. ஆனால் அந்தப் படமும் சில இடங்களில் சில மீட்டர் தள்ளியிருக்கும். அதை நகர்த்திச் சரிசெய்ய மறுபடி ஞாயிற்றுக்கிழமைத் தடங்கள்தான் வேண்டும்.

இங்கே தரவின் அமைப்பு மிக எளிது. புள்ளிகள், புள்ளிகளைக் கோத்த கோடுகள், இவற்றைச் சேர்த்துக் கட்டும் உறவுகள். ஒவ்வொன்றிலும் இது என்ன என்று சொல்லும் சீட்டு. அந்தச் சீட்டுகளில் பிரிட்டிஷ் வாசனை தூக்கலாக இருக்கும். எல்லாச் சாலையும் 'ஹைவே'. ஆடு போகும் ஒற்றையடிப் பாதையும் ஹைவேதான்! மற்றபடி, ஜோசம் என்ற வரைபடத் தொகுப்பி, அதற்கு ஒரு செருகுநிரல், தப்பான சீட்டுகளைக் கண்டுபிடிக்க பைத்தானில் பத்து வரி நிரல், அந்தப் பத்து வரியில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி... மென்பொருள் நோண்டுகிறவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது.

ஆனால் கணினிக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மே மாதம் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் ஏரி என்பது நாலு கிரிக்கெட் பிட்ச் போட்ட மைதானம். வெளிநாட்டிலிருந்து உதவி செய்ய நினைக்கும் ஒரு நல்ல மனிதர் அதை மைதானம் என்றே வரைந்துவிட்டுப் போவார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். டிசம்பரில் ஒரு முறையும் மே மாதத்தில் ஒரு முறையும் கரையில் நின்று பார்த்தவருக்கு மட்டுமே அது ஆறு மாதம் நிரம்பி ஆறு மாதம் வற்றும் நீர்நிலை என்று எழுதத் தெரியும். அப்படி எழுத ஒரு தனிச் சீட்டே இருக்கிறது.

மைதானமா ஏரியா என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று 2015 டிசம்பர் முதல் வாரம் காட்டியது. சென்னையில் அடையாறு கரை மீறி வீடுகளுக்குள் வந்தபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுமக்களே குறிக்கும்படி ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் ஒரு வெள்ள வரைபடத்தைத் தன்னார்வலர்கள் அவசரமாகக் கட்டினார்கள். தெருவின்மேல் சொடுக்கினால் அது மூழ்கியதாகப் பதிவாகும், அவ்வளவுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களை மக்கள் குறித்தார்கள். படகில் போவதா, சுற்றிப் போவதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், சொடுக்குவதற்கு அந்தத் தெரு முன்பே வரையப்பட்டிருக்க வேண்டும். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ ஒரு குறுக்குச் சந்தை அதற்கு முன் ஏதோ ஒரு நாள் வேலைவெட்டி இல்லாமல் ஒருவர் வரைந்து வைத்திருந்தார். அவருக்கு அன்றைக்கு அது எதற்கென்று தெரியாது. வரையாத சந்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் அதைக் குறிக்க வரைபடத்தில் இடமே இருந்திருக்காது.

காமர்ஸ் படிக்கும் யாருக்கும் இந்த இடத்தில் கை அரிக்கும்: இந்த உழைப்பைக் கணக்கில் எங்கே எழுதுவது? சம்பளம் இல்லை, விலை இல்லை, ஆனால் சொத்து உருவாகிறது. அந்தச் சொத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், தரவை மேம்படுத்தி வெளியிட்டால் அதையும் திறந்தே வைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 'யார் வேண்டுமானாலும்' என்பதில் ஆப்பிள், மெட்டா, அமேசான், மைக்ரோசாஃப்ட் எல்லாரும் அடக்கம். ஏரிக்கரையில் நாய் துரத்தியவருக்கு இதில் பைசா வராது. சுரண்டல் என்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களை வெளியே தள்ளப் பூட்டுப் போட்டால், அதே பூட்டு வெள்ளத்தன்று தன்னார்வலரையும் வெளியே நிறுத்தியிருக்கும். காசு கொடுத்தால்தான் தருவேன் என்ற வரைபடத்தை எதிர்த்துத் தொடங்கிய வேலை இது என்பதை மறந்துவிடக் கூடாது.

இலவசம் என்றால் விளையாட்டுக்காரர்களும் வருவார்கள். 2017 டிசம்பரில் போகிமான் கோ விளையாட்டு இந்த வரைபடத்துக்கு மாறியது. பூங்கா இருக்கும் இடத்தில் போகிமான் அதிகம் கிடைக்கும் என்று கண்டுபிடித்த சிலர் தங்கள் வீட்டுக் கொல்லையில் எல்லாம் பூங்கா வரைய ஆரம்பித்தார்கள். அதை அழிக்க ஒரு கூட்டம் ராத்திரி முழித்தது. அழிக்க வந்தவர்களில் சிலர், விளையாட வந்தவர்கள் பலர் நல்ல வரைபடக்காரர்களாக மாறியதையும் பார்த்தார்கள்.

இந்தியாவில் சிரிக்க முடியாத கட்டமும் வந்தது. 2016 மே மாதம் புவியிடத் தகவல் ஒழுங்குமுறை மசோதா என்று ஒரு வரைவை மத்திய அரசு வெளியிட்டது. அனுமதி இல்லாமல் இடத்தகவல் சேகரித்தால் ஒரு கோடி முதல் 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழு ஆண்டு வரை சிறை! சைக்கிளில் மதகு படம் எடுத்தவர் 100 கோடிக்கு எங்கே போவார்? பலத்த எதிர்ப்புக்குப் பிறகு அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல்கள் நேர் எதிர்த்திசையில் போய், இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடத் தரவு சேகரிக்கலாம் என்று தளர்த்தின. ஐந்து வருடத்துக்குள் குற்றவாளி, பிறகு குடிமகன்.

சட்டம் தளர்ந்தாலும் தெருவில் நிற்பவரின் சந்தேகம் தளர்வதில்லை.

"தம்பி, என்னத்த எழுதுற? ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?"

"இல்லண்ணே, மேப்புல தெருப் பேரு போடுறதுக்கு."

"மேப்புல போட்டா வீட்ட இடிக்க மாட்டாங்கல்ல?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த மென்பொருளிலும் பதில் கிடையாது. ஆற்றோரக் குடியிருப்பில் அளவெடுக்க வந்தவனுக்குப் பின்னால் பொக்லைன் வந்த அனுபவம் அந்த அண்ணனுக்கு இருக்கலாம். அவர் வேண்டாம் என்றால் எழுதாமல் திரும்பி வருவதுதான் முறை.

பெயர் கேட்டே ஆக வேண்டியிருப்பதற்கு இன்னொரு காரணம் தமிழ். வரைபடத்தில் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதத் தனி இடம் இருக்கிறது. ஆங்கிலப் பெயர்களை மொத்தமாகத் தமிழாக்கிவிடலாம் என்று நிரல் எழுதிப் பார்க்காத ஆள் இருக்க மாட்டார். விடை வேடிக்கையாக இருக்கும். கீழ்ப்பாக்கம் 'கில்பாக்' ஆகும், எழும்பூர் 'எக்மோர்' ஆகும். எல்-லில் முடியும் ஓர் ஊருக்கு ல-வா ள-வா என்று எந்தக் கணினியும் அடித்துச் சொல்லாது. ழ-வும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எதிர்த்திசையில் போவதும் சுலபமில்லை. 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. கோயம்புத்தூருக்கு வந்த நீளமான ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊரே சிரித்தது, சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆக, ரேஷன் கடைப் பலகையையும் ஊராட்சிப் பள்ளி வளைவையும் படம் எடுத்து வருவதே பாதுகாப்பு. நிரல் தருவது சந்தேகப் பட்டியல் மட்டும். அதைத் தீர்க்க அடுத்த ஞாயிறு.

பலகையில் இருப்பதை அப்படியே எழுதுவது என்று விதி வைத்தாலும் சில பலகைகளின் முன்னால் கை நிற்கும். தெருப் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஊருக்கு வெளியே தனியாக ஒரு 'காலனி' இருக்கும், அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். களத்தில் உள்ளதை எழுது என்கிறது வரைபடத்தின் விதி. களத்தில் உள்ளது மாற வேண்டும் என்கிறது அறிவிப்பு. அங்கே வசிக்கும் பையன்கள் அவர்களாகவே ஒரு நகர்ப் பெயர் வைத்துக் கையால் எழுதி மாட்டியிருப்பார்கள், பேருந்து நடத்துநர் இன்னமும் பழையதையே சொல்லிக் கூப்பிடுவார். நல்லவேளையாகப் பழைய பெயர், உள்ளூர்ப் பெயர், அரசுப் பெயர் என்று தனித்தனிச் சீட்டுகள் இருக்கின்றன. பையன்கள் எழுதிய பெயரை முதல் சீட்டில் போட்டு, பழையதைப் பழைய பெயர்ச் சீட்டுக்குத் தள்ளிவிட்டு, அடுத்து வருபவருக்குத் தெரியும்படி ஒரு குறிப்பையும் ஒட்டிவிட்டுக் கணினியை அணைக்கிறார்: "ஊராட்சி புதுப் பலகை இன்னும் வைக்கவில்லை. அடுத்த முறை இந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துச் சரிசெய்யவும்."