வார்

அப்பாவின் ஒமேகா என்னிடம் வந்து ஒரு வருஷமாகியும் நான் அதைக் கட்டிக்கொள்ளவில்லை. சாவி கொடுத்தால் ஓடியது. வார்தான் இற்றுப்போயிருந்தது. திருவொற்றியூர்க் கடற்காற்றில் பக்கிள் துருவேறி, தோலின் உட்புறம் வியர்வையில் கறுத்து, மடித்தால் பொடியாக உதிர்ந்தது.

1968-ல் ஒரு கப்பல் சிப்பந்தியிடம் மூன்று தவணையில் அதை வாங்கினார். துறைமுகத்தில் அவர் டாலி கிளார்க்; ஏறுகிற சரக்கை எண்ணிக் குறிப்பது வேலை. வேலைக்கு அதைக் கட்டிப் போனதில்லை. அங்கே நேரத்தைச் சங்கு சொன்னது. கல்யாணங்களுக்கும் கோயிலுக்கும்தான் கட்டுவார். கோயிலுக்கு என்றாலும் வடிவுடையம்மன் சன்னிதி வரைக்கும் அல்ல. வாசலிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். வீட்டிலும் பாட்டி இருந்தவரை ஜன்னல் மேடையில் கழற்றி வைத்த பிறகே பூஜை அறைப் பக்கம் போகலாம். பொன் முலாம் பூசிய கடியாரத்தின் மீது பாட்டிக்கு ஆட்சேபணை கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த தோல்தான் தீட்டு. அதே சன்னிதியில் தவில் முழங்கும். அதற்கு இரண்டு பக்கமும் தோல். அப்பா இதை ஒரு நாளும் வாதமாக எடுத்ததில்லை. கழற்றுவார், திரும்பக் கட்டிக்கொள்வார்.

அவர் எண்ணிய சரக்கில் தோல் பேல்களும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சென்னையிலிருந்து போன சரக்கு அது: ஆவாரம்பட்டையில் பாதி பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும். லண்டன் சந்தையில் இதற்கு 'ஈஸ்ட் இந்தியா' என்று பெயர். ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய் நீரில் போட்டு எடுப்பார்கள். சாயம், மெருகு, தையல் எல்லாம் அக்கரையில். விலை ஏறியதும் அங்கேதான். 1972-ல் சீதாராமையா குழு சொன்ன பிறகே பாதித் தோலாக அனுப்புவதைக் கட்டுப்படுத்தினார்கள். அப்பாவின் கடியாரத்தோடு வந்த முதல் வார் இங்கிருந்து எண்ணி ஏற்றிய தோலாகவே இருந்திருக்கலாம். அதை நிரூபிக்க முடியாது. நான் பார்த்தது இதுதான்: அந்த பேல்களை எண்ணிக் கிடைத்த சம்பளத்தைப் பாட்டி சுவாமி படத்தின் முன் வைத்துத்தான் எடுப்பாள்.

போன மாசம் பெரியமேட்டுக்குப் போனேன். சந்துக்குள் சின்னப் பட்டறை. பையும் பெல்ட்டும் தைக்கிறவர். கேட்டால் வாட்ச் வாரும் செய்து கொடுக்கிறார். கடியாரத்தின் காதுகளுக்கு நடுவே அளந்து 18 மில்லிமீட்டர் என்று அட்டையில் எழுதிக்கொண்டார். பிறகு துண்டுகளைப் பரப்பினார். முதலைத் தோல் போல அச்சு விழுந்த மாட்டுத்தோல், குரோம் தோல், பட்டையில் பதனிட்டது.

"குரோம் தண்ணிக்குத் தாங்கும் சார், நிறம் மாறாது. பட்டைத் தோல் உங்க வேர்வையைக் குடிச்சுக் கறுத்துப்போயிடும்."

குரோமுக்கும் இந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது. 1903-ல் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் அந்த முறையைத் தொடங்கியபோது, தண்ணீரில் அழுகாது என்பதால் அந்தத் தோலில் கிணற்றுக் கவலைகள் செய்தார்கள். பிற்பாடு தோல் பதனிடும் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளையே கெடுத்து, 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கறுத்தால் கறுக்கட்டும், பட்டைத் தோலே போதும் என்றேன்.

அளவுக்காகப் பழைய வாரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றாவது துளை இழுபட்டு நீண்டிருந்தது. ஐந்தாவதுக்கு அப்பால் கோணலாக இன்னும் இரண்டு.

"இது கடையில போட்டது இல்ல, ஆணியால குத்தினது. கடைசியில அப்பா ரொம்ப இளைச்சிட்டாரா?"

ஒரே வீட்டில் இருந்த நான் அந்தத் துளைகளைப் பார்த்ததில்லை. அப்பா இளைத்ததையும், டாக்டர் எடை எழுதிய சீட்டில்தான் பார்த்தேன். பதில் சொல்வதற்குள் அவர் டேப்பை எடுத்துக்கொண்டு என் மணிக்கட்டை நோக்கிக் கையை நீட்டினார். என் கை பின்னால் போயிற்று. ஒரு அங்குலம் இருக்கும். நானாக இழுத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. இழுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. முப்பது வருஷமாக இந்த விஷயத்தில் நான் எழுதியதும் பேசியதும் அந்த ஒரு அங்குலத்துக்கு இப்பால்தான் நின்றிருக்கின்றன. பாட்டியின் பேரில் பழியைப் போடலாம். ஆனால் கை என்னுடையது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டேப்பை என்னிடமே கொடுத்தார். நான் அளந்து சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் போனபோது வார் தயாராக இருந்தது. பழுப்பு மஞ்சளில், இன்னும் மரப்பட்டை வாசனையோடு. கடியாரத்தைப் பொருத்திவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு மூணாவது ஓட்டை சரியா வரும். கூட ரெண்டு போட்டிருக்கேன் சார். பின்னால ஆணி தேட வேணாம்."

நான் கையை நீட்டினேன். அவர் கடியாரத்தை மேஜைமேல் வைத்து என் பக்கமாகத் தள்ளினார்.