ஏற்றிக்கொண்டார்

என் அம்மாவுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. 2013 ஆடி மாதம் போனது. நடவுக்குப் பதினாலு பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போன டிராக்டர் பெட்டி ஏரிக்கரைத் திருப்பத்தில் கவிழ்ந்தது. பெட்டியின் இரும்பு விளிம்பு அம்மாவின் காலில் இறங்கியது. பெரியம்மாவுக்குத் தோள்பட்டை முறிந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள்.

டிராக்டர் ஆண்டையுடையது. வயல் ஆண்டையுடையது. விடியக்காலை அஞ்சரைக்குக் காலனி முனையில் ஹாரன் அடித்தவன் ஆண்டையின் டிரைவர். எங்கள் சேரியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் எஃப்.ஐ.ஆரில் இது கிடையாது. கிடையாமல் போனதற்குக் காரணம் நான்.

அப்போது எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டுக்குப் போயிருந்தேன். அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன மத்தியானம், ஸ்டேஷனில் புகார் எழுதப் போனேன். ஊர்த்தெருவிலிருந்து நாலு பேர் எனக்கு முந்தியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றபடி எழுதினேன்.

"பெரிய மனுசனக் கோத்து வுடாத தம்பி. நாளைக்கு அவங்க வாசல்லதான் போயி நிக்கணும். வழியில ஏறுனாங்கன்னு போடு. பணத்த இன்சூரன்ஸ்காரன் குடுக்கப்போறான், உனக்கென்ன?" என்றார் ரைட்டர்.

எழுதினேன். 'நடந்து சென்றுகொண்டிருந்த என் தாயார் முதலான பெண்கள்மீது இரக்கங்கொண்டு, அவ்வழியே வந்த டிராக்டரின் ஓட்டுநர் அவர்களை ஏற்றிக்கொண்டார்.' சந்திப்பிழை இல்லாத வாக்கியம். ரைட்டர் படித்துவிட்டு "நல்லா எழுதறியே" என்றார். நாலு வருசம் அந்த வாக்கியம் எங்களைத் துரத்தும் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் வார்டுக்குள் ஒருவன் வந்தான். கையில் தோல்பை. பைக்குள் அச்சடித்த வக்காலத்து. "அஞ்சு பைசா செலவில்ல தம்பி. வர்றதுல நூத்துக்கு முப்பது எங்களுக்கு." நான் டீ வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள், மயக்கம் முழுசாகத் தெளியாத அம்மாவின் பெருவிரலில் மை. வழக்கின் பலனில் பங்கு பேசி வக்கீல் ஃபீஸ் வைப்பது பார் கவுன்சில் விதிப்படியே தவறு. அது பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு, நம்மைத் தேடி ஒரு வக்கீல் ஆள் அனுப்பினாரே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. நம்மைத் தேடி யார் வந்திருக்கிறார்கள் அதுவரைக்கும்?

எட்டு மாதத்தில் அந்த வக்கீலின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. குமாஸ்தாதான். வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. ஒருநாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் மனு வந்தது. இங்கிலீஷில் இருந்ததைக் குமாஸ்தா ஒரே வரியில் தமிழ்ப்படுத்தினார். "உங்கம்மா ஓசியில போனவங்களாம். கம்பெனி பொறுப்பில்லையாம்."

ஓசி! முப்பது வருசம் அந்த வயலில் குனிந்தவள் ஓசி.

கம்பெனி சொன்னதற்குச் சட்டம் இருந்தது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டிக்காரரின் கூலியாளாக வேலைக்குப் போனவர் என்றால் வாதாட வழி உண்டு. வழியை அடைத்தது என் புகார். "எஃப்.ஐ.ஆர்லயே அப்டித்தான கீது. ஆண்டை நாப்பதாயிரம் தர்மமா தரேன்றாரு, வாங்கிகினு முடிச்சிக்குங்க" என்றார் குமாஸ்தா.

வேறு வக்கீல் தேடினேன். முதல் வக்கீல் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட ஐயாயிரம் கேட்டார். கம்மலை அடகு வைத்துக் கட்டினோம். இயக்கத் தோழர் ஒருவர் சொல்லி, ஒரு பெண் வக்கீலைப் பார்க்கப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன அறை. கட்டை விரித்து நான் பேச ஆரம்பித்தேன். "நீங்க சொல்ல வேணாம். அம்மாவ இட்டுகினு வாங்க" என்றார்.

மாடிப்படி ஏற முடியாத அம்மாவுக்காக அவரே கீழே இறங்கி வந்து, ஜெராக்ஸ் கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரும்மா கூப்புட்டது?"

"டிரைவருதான். மொதநாள் ராத்திரியே சொல்லிவுட்டாங்க. பதினாலு ஆளு வேணும்னு."

"கூலி எவ்ளோ?"

"நூத்தம்பது. முன்கடனுக்கு அம்பது புடிச்சிக்குவாங்க."

"எத்தினி வருசமா போறீங்க?"

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து."

கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வக்கீல் கேட்டார்: "இதுல ஒண்ணுகூட மனுவுல இல்லியே. யாரு எழுதுனது புகார?" அம்மா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே சொன்னேன்.

மனு திருத்தப்பட்டது. ஆனால் கூலியாள் என்பதற்கு என்ன அத்தாட்சி? சம்பளச் சீட்டு இல்லை. முன்கடன் கணக்கு ஆண்டை வீட்டு நோட்டில் இருக்கிறது. முப்பது வருசம் உழைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் தராத சாதி, கோர்ட்டில் வந்து "காகிதம் எங்கே?" என்று கேட்கிறது. மிச்சம் சாட்சிதான். கூடப் போன பதிமூன்று பேரில் பன்னிரண்டு பேர் வர மாட்டேன் என்றார்கள். அவர்களைக் கோழைகள் என்று எழுத எனக்கு வாய் வராது. மறுநாள் சோற்றுக்கு அதே வயல்தான். பெரியம்மா மட்டும் வந்தாள்.

முதலில் கூண்டில் ஏறியவன் நான். கம்பெனி வக்கீல் என் புகாரை உரக்கப் படித்தார். "எம்.ஏ. தமிழ்தானே? 'இரக்கங்கொண்டு ஏற்றிக்கொண்டார்' என்றால் என்ன பொருள்?" கோர்ட்டே சிரித்தது. "நான் பயந்து எழுதின பொய்" என்றேன். "அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?" பதில் இருந்தும் நாக்கு எழவில்லை.

அடுத்தது பெரியம்மா. அதே வக்கீல், அதே கேள்வி. நடந்து போன உங்களை இரக்கப்பட்டு ஓசியில் ஏற்றினார்கள், அப்படித்தானே?

பெரியம்மா சொன்னாள்: "ஓசியிலயா? அந்த வண்டி எங்கள ஓசியில ஏத்தினதே இல்ல சார். என் மருமவ புள்ள வலியில துடிச்சப்ப கெஞ்சினோம், ஏத்தல. சேரி ஆளு ஏறுனா தீட்டுன்னாங்க. நடவுக்கு, அறுப்புக்குன்னா மட்டும்தான் நாங்க அதுல ஏறலாம்."

யாரும் சிரிக்கவில்லை. நான் படித்த படிப்புக்கு எட்டாத வாதம் அது. தீண்டாமையையே அவள் அத்தாட்சியாக்கிவிட்டாள்.

2017இல் தீர்ப்பு வந்தது. அம்மா கூலி வேலைக்காகத்தான் ஏற்றிச் செல்லப்பட்டார் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. மருத்துவச் சான்றில் ஊனம் 50 சதவீதம். சான்றில் உள்ள சதவீதம் வேறு, வேலை செய்யும் சக்தியில் போனது வேறு என்று ராஜ்குமார் வழக்கில் 2010இல் உச்சநீதிமன்றம் சொன்னதை எங்கள் வக்கீல் காட்டினார். சேற்றில் ஒற்றைக் காலோடு நிற்க முடியுமா? தீர்ப்பாயம் 70 சதவீதம் என்றது. மாத வருமானம் 4,500 ரூபாய். அம்மாவுக்கு அப்போது வயது 47. அந்த வயதுக்குச் சரளா வர்மா வழக்கின் 2009ஆம் ஆண்டு அட்டவணைப்படி பெருக்கெண் 13. கணக்குப் போட்டால் 4,91,400 ரூபாய். வலிக்கும் வைத்தியத்துக்கும் தனியாகக் கொஞ்சம். கம்பெனி முதலில் கட்டிவிட்டு ஆண்டையிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு.

வெற்றி என்று எழுதி முடித்துவிடலாம். முடிக்க முடியாது. அடுத்த மூன்று போகம் ஆண்டை எங்கள் சேரியில் ஓர் ஆளைக்கூடக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து ஆள் வந்தது, பிறகு நடவு மெஷின் வந்தது. சாட்சிக்கு வராத பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வேலை போனது. "உன் காலுக்குக் காசு வந்துச்சி, எங்க சோறு போச்சி" என்று குழாயடியில் ஒருத்தி அம்மாவைக் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நாங்கள் வழக்கை ஒரு வீட்டு வழக்காக நடத்தினோம். பதினாலு பேரும் காயத்துக்கும் கூலிக்கும் சேர்ந்து கேட்டிருந்தால், பயத்தையும் பதினாலாகப் பங்கு போட்டிருக்கலாம்.

படித்த நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவே இதை எழுதுகிறேன். சேரியில் விபத்து நடந்தால் பேனா நம் கைக்குத்தான் வருகிறது. யார் கூப்பிட்டார், எங்கே போக, என்ன கூலி, யார் கையால் என்று அடிபட்டவளைக் கேட்டு, அவள் சொன்னபடியே எழுதுங்கள். வார்டுக்கு வரும் தோல்பையில் கைநாட்டு வைக்க விடாதீர்கள். 1987 சட்டப்படி தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். காலம் தாழ்த்தாதீர்கள். நாங்கள் வழக்குப் போட்டபோது காலக்கெடு கிடையாது. 2022 ஏப்ரல் 1இலிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

போன மாதம் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு பையன் வந்தான். கரும்பு வெட்டப் போன லோடு ஆட்டோ கவிழ்ந்து அவன் அக்காவுக்கு இடுப்பு முறிந்துவிட்டது. "நல்லா எழுதுவீங்கன்னாங்கண்ணா, ஒரு புகார் எழுதிக் குடுங்க" என்றான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அக்கா பேசுகிற நிலைமையில் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்: "கூலி பாக்கி எவ்ளோன்னும் கேளு."