வருசநாட்டு வெயிலில் ஒரு ஹீட்டர்!

சித்திரை மாதம். மத்தியானம் பன்னிரண்டு மணி. தேனியிலிருந்து வருசநாடு போகும் சாலை. அடிக்கிற வெயிலில் காக்காய்கூட வெளியே வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஜீப்புக்குள் இரண்டு பேர் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போனார்கள் என்றால் அவர்களைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவன் நான்.

இன்னொருவன் என் நண்பன். ஜீப் அவனுடையது. நீலகிரியில் ஓடிக்கொண்டிருந்த பழைய மஹிந்திரா டீசல் ஜீப்பை, மனைவியின் ஆறு பவுன் வளையலை அடகு வைத்து வாங்கி வந்திருந்தான். இந்த மாதிரிப் பழைய ஜீப்புகளில் ஹீட்டரைப் பார்ப்பது அபூர்வம். குளிருக்குப் பயந்த முந்தைய ஓனர் யாரோ, டேஷ்போர்டுக்கு அடியில் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். சரியாக என் காலுக்கு மேலே.

போன காரியம் சின்னதில்லை. வருசநாட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் நண்பனின் அப்பத்தா இருந்தார். எண்பது வயது. இரண்டு கண்ணிலும் புரை. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தேனியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். ‘கெடா வெட்டு இருக்கு’, ‘முந்திரி காய்ச்சிருக்கு’ என்று ஏற்கெனவே இரண்டு தேதியைத் தள்ளிப்போட்டவர். இந்தத் தடவையும் தவறினால் அப்புறம் அவரைக் கிளப்ப முடியாது.

க.விலக்கில் திரும்பி, கண்டமனூர் தாண்டினோம். மேகமலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-லிருந்து பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து, நெல்லும் திராட்சையுமாகச் செழித்துக் கிடக்கிறது. இந்தப் பக்கம் வைகை பிறக்கிற வருசநாடு. ஆனால் மழை பெய்தால்தான் மூல வைகையில் தண்ணீர். மற்ற நாளில் வெறும் மணல். ஆறு பிறந்த ஊர், தண்ணீருக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது!

எங்கள் ஜீப்பும் அதே நிலைமையில்தான் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

டெம்பரேச்சர் முள் மெள்ள ஏறியது. “பயப்படாதடா! எஞ்சின் சூடானா ஹீட்டரைத் திறந்து விடணும். சூடு அது வழியா வெளியே போயிரும்” என்றான் நண்பன். சொன்னது உண்மைதான். ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினில் சுற்றி வரும் சுடுதண்ணீர் அதற்குள்ளும் போய்வரும். பின்னால் ஒரு ஃபேன் காற்றடித்தால் அனல் உள்ளே வரும். அந்த அளவுக்கு எஞ்சினின் சூடு குறையும். முதலில் தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருகினான். ‘புஸ்ஸ்!’ கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி. செருப்புக் காலில் கொதிதண்ணீர். நான் போட்ட சத்தம் வெள்ளிமலை வரை கேட்டிருக்கும்.

வண்டியை ஓரங்கட்டினோம். எஞ்சின் ஆறுகிற வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. திறந்தால் கால் பட்டதை முகமும் படும். நிழலுக்கு ஒதுங்கிய மரத்தை நிமிர்ந்து பார்த்தால், இலவ மரம்! காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ‘இலவு காத்த கிளி’ என்பதற்கு அன்றைக்கு எங்களைத்தான் படம் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். இந்த மலைக்காடெல்லாம் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக ஆகிவிட்டது என்பதை நண்பன் அந்த நேரம் பார்த்துத்தான் ஞாபகப்படுத்தினான்.

வழியில் போன மினி வேன் டிரைவர் கடமலைக்குண்டில் தகவல் சொல்ல, ஒரு மெக்கானிக் அண்ணன் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து இறங்கினார்.

“தினமும் தண்ணி ஊத்துவீகளா தம்பி?”

“காலையில ஒரு லிட்டர் ஊத்துவேன்ணே.”

“அது எங்க போகுதுன்னு பாத்தீகளா?”

“வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுகூட இல்லையேண்ணே!”

அவர் பேசவில்லை. என் கால் வைத்திருந்த ரப்பர் மிதியடியைத் தூக்கிக் காட்டினார். கீழே தகரம் துருப்பிடித்து, ஊறி, ஈரமாகக் கிடந்தது. “கூலன்ட் ஊத்துற வண்டின்னா இனிப்பா ஒரு வாடை வந்து காட்டிக்கொடுத்திருக்கும். நீங்க ஊத்துனது போர்த் தண்ணி. உப்பு அரிச்சுத் தின்னிருக்கு.”

நான் பி.காம். கணக்கு டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’டில் தூக்கிப் போடுவோம். பிறகு தேடிக் கண்டுபிடித்து நேராக்க வேண்டும் என்பது விதி. என் நண்பன் மூன்று மாதமாக தினம் ஒரு லிட்டரை அந்தக் கணக்கில் போட்டுவிட்டு, தேடாமலே இருந்திருக்கிறான்!

அண்ணன் ஹீட்டருக்குப் போகிற ட்யூப், வருகிற ட்யூப் இரண்டையும் கழற்றினார். ஒரு துண்டுக் குழாயால் இரண்டையும் இணைத்து, கிளிப் போட்டு முறுக்கினார். தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் அப்படியே திரும்பி வந்துவிடும். பதினைந்து நிமிஷ வேலை. “சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்துனா ஹெட்டு விரிசல் விட்ரும்” என்று, நன்றாக ஆறிய பிறகுதான் ஊற்றவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மஞ்சள் பையைக் கட்டி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார் அப்பத்தா. தாமதத்துக்குக் காரணம் சொன்னோம்.

“ஏன்யா, பானையில தண்ணி கொறையுதுன்னா, பானையைத் தட்டிப் பாப்பீகளா? மேல மேல ஊத்திக்கிட்டே இருப்பீகளாக்கும்? ஆத்துல தண்ணியில்லாத ஊருல பொறந்தவளைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!”

இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

அப்புறம் தேனியில் ஒரு ரேடியேட்டர் கடை. ஹீட்டரின் உள்ளே இருந்த அந்தக் குட்டி ரேடியேட்டரைக் கழற்றி, ஒரு பக்கம் அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். ஐந்து இடத்தில் குமிழி! “ஈயம் வச்சுப் பத்தலாம். அடுத்த மாசம் ஆறாவது ஓட்டை விழும். மாத்திருங்க” என்றார் கடைக்காரர்.

“தேனி வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குடா? குழாய் போட்டது அப்படியே கிடக்கட்டும்” என்று நான் செலவைக் குறைக்கப் பார்த்தேன். நண்பன் கேட்கவில்லை. அளவு பார்த்து வேறொன்று வாங்கி மாட்டினான். பழைய துருத் தண்ணீரை முழுக்க வடித்து அலசி, கூலன்ட் ஊற்றினார்கள். ஊற்றும்போது ஹீட்டர் குழாயைத் திறந்தே வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு, தண்ணீர் சுற்றாதாம்.

மார்கழியில் இரண்டாவது கண்ணுக்குத் தேதி கொடுத்தார்கள். விடிகாலை நான்கு மணிக்கு அப்பத்தாவை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினோம். ஒரே பனி. முன்கண்ணாடி உள்பக்கமெல்லாம் மூடிக்கொண்டது. ஒரு பக்கம் பள்ளம். நண்பன் ஹீட்டரைத் திருகினான். நான் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி கீழேயிருந்து மெள்ள மெள்ளத் தெளிந்தது. பாதை தெரிந்தது.

“கணப்புச் சட்டியா வச்சிருக்கீக? காலுக்கு எதமா இருக்கே!” என்றார் அப்பத்தா. செலவு வேண்டாம் என்று சொன்னவன் நான்தான் என்பதை நண்பன் போட்டுக்கொடுக்கவில்லை. நல்ல மனுஷன்.

மயிலாடும்பாறை வரும்போது விடிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்பத்தா என்னைப் பார்ப்பது அன்றைக்குத்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். கண் நன்றாகத் தெரிகிறதே என்று எனக்குப் பூரிப்பு.

“ஏன்யா... போன தடவை வெளங்கலை. இப்பத்தேன் பாக்குறேன். இந்த வயசுல உனக்கு இம்புட்டுச் சொட்டையா?”