ஒண்ணுமே இல்லாததைப் பார்க்க ஒரு ட்ரிப்!

வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் பஸ்ஸைப் பிடிங்க. அங்கிருந்து ஜவ்வாது மலைப் பாதை. சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம் எட்டிப் பார்த்தா, அதான் காவலூர். 2.34 மீட்டர் கண்ணாடியோட வைனு பாப்பு டெலஸ்கோப் 1986-லிருந்து இருக்கிற இடம். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பாங்க. வர்றவங்க நிலா, சனி வளையம்னு கேட்பாங்க. நாங்க நாலு பேர் மே மாசம் போனதோ, பார்க்க ஒண்ணுமே இல்லாத ஒரு இடத்தைப் பார்க்க!

விருச்சிகத்துக்கு மேலே 'ஓஃபியூகஸ்'னு ஒரு பாம்பாட்டி நட்சத்திரக் கூட்டம். அதுக்குள்ளே ஆர்.எஸ். ஓஃபியூகி. சாதாரண நாளில் பைனாகுலருக்கும் சிக்காது. ஆனா 2021 ஆகஸ்ட் 8 ராத்திரி, அயர்லாந்தில் கீத் கியரிங்கிற அமெச்சூர் அந்தப் பக்கம் பார்த்தா, வெறும் கண்ணுக்கே தெரியற அளவுக்கு மின்னிக்கிட்டு இருக்கு. நோவா!

விஷயம் என்னன்னா, அங்கே இருக்கறது ரெண்டு நட்சத்திரம். ஒரு சிவப்பு ராட்சசன், ஒரு வெள்ளைக் குள்ளன். குள்ளன் பக்கத்து வீட்டு ஹைட்ரஜனை உறிஞ்சி உறிஞ்சிப் போர்த்திக்கும். பாரம் ஏற ஏற அடியில் சூடு ஏறி, ஒருநாள் ஹைட்ரஜன் குண்டு கணக்கா 'டமால்'! பறக்கிறது போர்வை மட்டும்தான். குள்ளன் மறுபடி முதல்லேர்ந்து உறிஞ்ச ஆரம்பிச்சிடுவார். 1898, 1933, 1958, 1967, 1985, 2006, 2021... எங்க காலேஜ் ரூட் டவுன் பஸ் தோத்தது போங்க.

ஏறுறது ஒரு நாள் சமாச்சாரம். இறங்குறதுலதான் சரக்கே இருக்கு. மேக்னிட்யூட் கணக்கு கிளாஸ் ரேங்க் மாதிரி, நம்பர் குறைஞ்சாத்தான் கெத்து. 2021-ல் உச்சம் சுமார் 4.5. ஒரே வாரத்தில் ரெண்டு மேக்னிட்யூட் காலி. அதாவது வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு ஆயிடுச்சு. இதை அளக்க மெஷின் எதுவும் வேணாம். பக்கத்திலேயே கொஞ்சம் பளிச்சுனு ஒண்ணு, கொஞ்சம் மங்கலா ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவில் இது எங்கேன்னு கண்ணாலே எடை போட்டு, மணியோட நோட்டில் எழுதணும். தினமும். பரபரப்பு அடங்கின பிறகும்! 1985 வெடிப்புக்கு அப்புறம் இதே காவலூரில் மாசக்கணக்கா அதோட நிறமாலையைப் பதிவு பண்ணியிருக்காங்க.

அன்னிக்கு ராத்திரி ரோட்டோரம் நின்னு அந்தக் காலி இடத்தைச் சுத்தியிருக்கிற நட்சத்திரங்களை மனப்பாடம் பண்ணோம். அடுத்த தடவை புதுசா ஒண்ணு முளைச்சா கண்டுபிடிக்கணும்ல! ஆனா அடிவானத்தில் ஊர் வெளிச்சம் ஆரஞ்சா ஏறி நிக்குது. 4.5-ங்கிறது எங்க ஹாஸ்டல் மொட்டை மாடியில் சான்ஸே இல்ல. இங்கேயும் வெளிச்சம் ஏறிட்டா?

காலையில் முதல் பஸ்ஸுக்கு நின்னப்போ டீக்கடை அக்காகிட்ட இதைப் புலம்பினோம். "பாம்பு வருது தம்பி, லைட் வேணாமா?"ன்னாங்க. நியாயம்தான். லைட்டுக்கு மேலே ஒரு தொப்பி மாட்டினா வெளிச்சம் தரைக்கு மட்டும் போகும், பாம்பும் தெரியும், பாம்பாட்டியும் தெரிவார்னு நோட்டில் படம் போட்டே விளக்கினோம்.

அக்கா டீயை ஆத்திக்கிட்டே, "நல்லாத்தான் இருக்கு. பஞ்சாயத்துல போய்ச் சொல்லுங்க"ன்னாங்க.