பூட்டின கடைக்கு வரிச்சலுகை

போன மாதம் நாங்கள் நாலு பேர் ஜெயபுரம் சந்திப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில இருந்து கணக்குப் பார்த்தோம். வருசக்கணக்காப் பூட்டிக் கிடக்கிற கடையறை ஒன்றை எடுத்து, போன் திருத்துற இடமும் போட்டோக்கொப்பி மெசினும் போடுறதுதான் யோசனை. அப்பதான் எங்களில ஒருத்தன், "சபையிட்ட வரிச்சலுகை கேப்பம், உலகத்தில பாழடைஞ்ச நகரங்களை எல்லாம் அப்பிடித்தான் எழுப்பினவங்கள்" எண்டான். ஜெயபுரம் நகரமே இல்லை எண்டது வேற கதை. பூட்டு மட்டும் நகரத்துப் பூட்டு மாதிரியே துருப்பிடிச்சிருக்கு.

சரி எண்டு தேடிப் பார்த்தோம். வடக்குக்கு உண்மையாகவே ஒரு சலுகை வந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இயந்திரம், கட்டடம் எண்டு புதுசா முதல் போடுறவர், மற்ற மாகாணங்களில் போட்ட தொகையின் நூறு வீதத்தை வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம் எண்டு அப்ப இருந்தது. வட மாகாணத்தில் இருநூறு வீதம். வாசிச்சவுடன எங்களுக்குப் புல்லரிச்சது. அந்தக் கணக்கில மூண்டு லட்சத்துக்கு மெசின் வாங்கியிருந்தால் ஆறு லட்சம் கழிச்சிருக்கலாம்! ஆனா எதில இருந்து கழிக்கிறது? எங்கட வருமானம் வரி கட்டுற எல்லைக்குக் கிட்டவும் வராது. மழையே பெய்யாத இடத்தில குடைக்கு அரைவிலை போட்ட மாதிரி. இந்தச் சலுகை ஏற்கெனவே நல்லா உழைக்கிற கம்பனிக்குத்தான் காசு. அப்படியான கம்பனி ஜெயபுரத்தை ஏன் தேடி வரப்போகுது? கொழும்புத் துறைமுக நகரத்தில நாற்பது வருசம் வரைக்கும் விலக்குக் கொடுக்கலாம் எண்டு 2021இலேயே சட்டம் போட்டாச்சே.

அப்ப பிரதேச சபையின் சொந்த வரிகள்? இங்கதான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிற அனுமதிப்பத்திரத்துக்கு உச்சக் கட்டணம் 1,000 ரூபா. வியாபார வரி 3,000 ரூபாவுக்கு மேல போகாது. ஆதனவரியை ஜனவரி 31க்கு முதல் முழுசாக் கட்டினால் பத்து வீதம் கழிவு. சபை மனமிரங்கி எல்லாத்தையும் விட்டாலும், எங்களுக்கு மிச்சம் ஒரு மாதக் கரண்ட் பில்லுக்கும் காணாது. சபைக்கோ அந்தச் சில்லறையும் போனால் வீதி விளக்கு மாத்தவும் குப்பை அள்ளவும் கை கடிக்கும்.

அமெரிக்காவில் பிலடெல்பியா 2000ஆம் ஆண்டில புதுக் கட்டடங்களுக்குப் பத்து வருச ஆதனவரி விலக்குக் கொடுத்தது. நகர மையத்தில மாடிகள் எழும்பினது உண்மைதான். ஆனா அங்க ஆதனவரியில பாதிக்கு மேல பள்ளிக்கூடங்களுக்குப் போகுது. அதனால பிள்ளையளின்ர காசில வீடு கட்டுறீங்களோ எண்டு சனம் கேட்டது. 2022இல இருந்து புது வீடுகளுக்கான விலக்கை வருசாவருசம் குறையிற மாதிரி மாத்திப் போட்டாங்கள். அங்க விட்டுக்கொடுக்கவாவது ஒரு பெரிய தொகை இருந்தது.

எங்கட சபைகளின்ர கையில இருக்கிறது வரி இல்லை, வாடகைதான் எண்டு நாங்கள் நினைக்கிறோம். சபைகள் கட்டின கடைத்தொகுதிகளைக் கேள்விகோரல் போட்டு, முற்பணம் வாங்கித்தான் கொடுக்கிறது வழக்கம். முற்பணத்துக்கு வழியில்லாத பெடியனோ, தையல் மெசின் மட்டும் வச்சிருக்கிற அக்காவோ அந்தப் பக்கமே போகேலாது. முதல் வருச வாடகையை விட்டு, முற்பணத்தைத் தவணையாக்கினால் அது எங்களுக்கு இருநூறு வீதத்தை விடப் பெரிசு. 2023 மார்ச்சில் இருந்து 2025 மே தேர்தல் வரைக்கும் இதைப் போய்க் கேட்கிறதுக்குச் சபையில தெரிவான உறுப்பினர் ஒருத்தரும் இருக்கேல்லை. இப்ப இருக்கினம். கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எங்களில ரெண்டு பேருக்கு வெளிநாட்டு அலுவல் ஓடிக்கொண்டிருக்கு. சந்தியில உழைக்க வழி கிடைச்சால் ஒருத்தியாவது நிற்பாள் எண்டதுதான் எங்கட அவசரம்.

பூட்டின கடையின் சொந்தக்காரர் கனடாவில. நேற்று இரவு வாட்ஸ்அப்பில குரல்பதிவு அனுப்பினார்: "தம்பியவை, ஆறு மாசத்துக்கு வாடகை வேண்டாம். கூரைத் தகரம் மட்டும் நீங்களே மாத்துங்கோ."

நாளைக்கு கிளிநொச்சிக்குப் போய்த் தகரம் விலை கேட்கப் போறோம்.