இரண்டு இழை எதற்கு?

உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் நிகழ்ந்தது இது. டீ.என்.ஏ. மூலக்கூற்றின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, நான்கு வரி வரைவிலக்கணமொன்றைச் சொல்லி எழுதுவித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், இரண்டு இழை எதற்கு? ஒன்று போதாதா?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் இல்லை. “சோதனையில் அப்படிக் கேட்கமாட்டார்கள். இருந்து எழுதும்” என்றேன். வகுப்புச் சிரித்தது. அதன் பின்னர் அவன் எதுவுமே கேட்டதில்லை.

விடையைத் தேடிப் படித்தபொழுதுதான் என் அறியாமையின் அளவு எனக்குப் புலப்பட்டது. அறிவியலாளரையே அலைக்கழித்த கேள்வி அது. 1951இல் வாட்சனும் கிரிக்கும் அமைத்த முதல் மாதிரியில் இழைகள் மூன்று. அதன் பிழையை எடுத்துக்காட்டியவர் ரொசலின்ட் பிராங்கிளின். 1953இன் தொடக்கத்தில் பேரறிஞர் லைனஸ் போலிங் வெளியிட்ட மாதிரியிலும் மூன்று இழைகளே. பிராங்கிளினின் வழிகாட்டலில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படமொன்று அவர் அறியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் இரட்டைச் சுருள் உலகறிய வெளிவந்தது.

அந்த அமைப்பை உற்று நோக்கினால் அதன் தொழில் விளங்கும். வெல்லமும் பொசுபேற்றும் மாறிமாறிக் கோத்த உறுதியான இழைகள் இரண்டும் வெளிப்புறத்தே. மூலங்கள் எனப்படும் நால்வகைக் கூறுகள் ஏணிப்படிகளைப்போல உட்புறத்தே. அடினினுக்கு எதிரே தைமின். குவானினுக்கு எதிரே சைற்றோசின். ஓர் இழையின் நெடுகே இவை எவ்வரிசையிலும் நிற்கலாம். அவ்வரிசையே உயிரின் செய்தி. எதிரெதிர் மூலங்களை இணைப்பவையோ வலிமை குறைந்த ஐதரசன் பிணைப்புகள். ஆதலால் இழைகள் அறாமலே ஒன்றைவிட்டொன்று பிரிகின்றன; பிரிந்த ஒவ்வொன்றும் தன் துணையை மீளக் கட்டுவதற்கு அச்சாகிறது. 1958இல் மெசெல்சனும் ஸ்ராலும் பாரமான நைதரசனில் பற்றீரியாக்களை வளர்த்து, பின்னர் சாதாரண நைதரசனுக்கு மாற்றினர். ஒரு தலைமுறை கழிந்தபின், மூலக்கூறு ஒவ்வொன்றிலும் பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றும் இருக்கக் கண்டனர்.

இரண்டாம் இழை காவலுமாகும். வெயிலின் புறவூதாக் கதிர் பட்டு அடுத்தடுத்துள்ள தைமின்கள் ஒட்டிக்கொண்டால், கலம் அப்பகுதியை வெட்டி நீக்கி, எதிரிழையைப் பார்த்து இடைவெளியை நிரப்புகிறது. இத்திருத்தம் பிறவியிலேயே இயலாதோருக்கு வெயிலே தோற் புற்றுநோயைக் கொண்டுவருகிறது.

ஒன்று போதாதா? சில வைரசுக்களுக்குப் போதும், அவற்றின் டீ.என்.ஏ. ஒற்றை இழையே. ஆனால் பெருகவேண்டிய வேளையில், புகுந்த கலத்தினுள்ளே அவற்றுக்கும் இரண்டாம் இழை கட்டப்படுகிறது. நான் சொல்லி எழுதுவித்த வரைவிலக்கணத்தில் இல்லாத உண்மையை அந்தப் பின்வாங்கு மாணவனின் கேள்வி தொட்டிருந்தது.

விடைகளை அச்சடித்து விற்கும் தனியார் வகுப்புகள் மலிந்த காலம் இது. பணங்கொடுத்து அங்கே போக இயலாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து ஆசிரியனே கதி. அவனும் வாயை அடைத்துவிட்டால் அப்பிள்ளை வேறெங்கே போய்க் கேட்கும்?

இப்பொழுது அப்பாடத்தை நான் படத்தோடு தொடங்குவதில்லை. அவனுடைய கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வெண்கட்டியை வகுப்பிடம் நீட்டுகிறேன். அவனை மீண்டும் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. அன்று அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டிய விடையைப் பல ஆண்டு பிந்தி இங்கே எழுதுகிறேன்.