ஐந்து முடிந்து ஆறு

மார்ச் 9, 2025, ஞாயிறு

மயினி வந்திருந்தார்கள். சின்னவள் ஏப்ரலோடு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள் என்றதும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். "ஆறாங்கிளாஸ்ல கவர்மெண்டுல போட்டிரு. ஏழாவதுல கொண்டு விட்டா ஒண்ணும் கிடைக்காது, பாத்துக்கோ."

விவரம் சரிதான். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. காலைச் சிற்றுண்டியோ ஐந்தோடு நின்றுவிடுகிறது. சின்னப் பிள்ளைகளைப் பொங்கலும் கிச்சடியும் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள், பெரிய பிள்ளைகளை மெடிக்கல் சீட்டைக் காட்டி. பாடம் எப்படி நடக்கிறது என்று மயினியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே பாளையங்கோட்டையில் வளர்ந்தோம். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த பள்ளிகள் பெரும்பாலும் அரசு உதவி பெறுபவை: சேவியர்ஸ், ஜான்ஸ், சாராள் தக்கர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரதியார் படித்த ம.தி.தா. காது கேளாத பிள்ளைகளுக்கு 1890களிலேயே பள்ளி வைத்த ஊர் இது.

இன்று லீவு போட்டுவிட்டு ஓர் உதவி பெறும் பள்ளிக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆபீஸில் முதல் கேள்வியே, "தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?" தமிழ் என்றால் அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், கட்டணம் பெயரளவுக்கு. இங்கிலீஷ் என்றால் சுயநிதிப் பிரிவு. அதற்கு வேறு ரசீதுப் புத்தகம். கேட்டும் யூனிபார்மும் மணியும் ஒன்றுதான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே பள்ளி.

தமிழ்ப் பிரிவில் சேர்த்தால்? ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கும், பிள்ளைக்கு 7.5 கிடையாது. புதுமைப் பெண் மட்டும் போன டிசம்பரிலிருந்து உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழிப் பெண்களுக்கும் உண்டு. இந்தக் கணக்கெல்லாம் கிளார்க்கம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். "முன்னெல்லாம் எங்க ஸ்கூல்ல இடம் கிடைக்குமான்னு கேப்பாவ. இப்ப கோட்டா உண்டுமான்னு கேக்காவ," என்று சிரித்தார்.

கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அனுப்பினார். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி டவுனில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இந்த ஊரில் பிள்ளை வைத்திருக்கிற எவருக்கும் அந்த வெள்ளிக்கிழமை மறக்காது. இங்கே சுவர் புதுசுதான். ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

எதிர்வீட்டுப் பெண் துணைக்குக் கூப்பிட்டாள் என்று தெருமுனைத் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். அவள் பையனுக்கு மூன்றரை வயது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணும் எழுத்தும் திட்டப்படி வகுப்பைப் பார்க்காமல் கற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருந்தார் டீச்சர். மலர்ப் பிள்ளை ஒன்று அரும்புப் பிள்ளைக்கு 'ணி'யின் மேல்விலங்கை விரலால் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த டீச்சர் கெட்டிக்காரி. குரலை உயர்த்தாமலே மூன்று கூட்டத்தையும் கட்டி ஆண்டார். பக்கத்து அறையில் தலைமையாசிரியர் போனில் எமிஸ் தளத்தில் பிள்ளைகள் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தார். நான்கும் ஐந்தும் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதின.

"எல்.கே.ஜி. உண்டா சார்?" என்றாள் இவள். இல்லை. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடிகள் 2,381இல் எல்.கே.ஜி. தொடங்கினார்கள். அதில் இந்தப் பள்ளி சேராது. அங்கன்வாடியில் விட்டால் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு. எல்.கே.ஜி. தொடங்கிய 2019இல்தான் அப்போதைய கலெக்டர் தன் பெண் குழந்தையைப் பாளையங்கோட்டை அங்கன்வாடி ஒன்றில் சேர்த்தார், பேப்பரெல்லாம் எழுதின. ஆனால் கலெக்டர் பிள்ளைக்கு அங்கன்வாடிக்குப் பிறகு போக நூறு வழி இருக்கும். ஆட்டோக்காரர் பிள்ளைக்கு மூன்றரை வயதில் வாசலில் வந்து நிற்பது மெட்ரிக் பள்ளி வேன் மட்டும்தான். அதில் ஏறின பிள்ளை ஐந்து வயதில் இறங்கி அரசுப் பள்ளி வாசலுக்கு வரும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

ஏப்ரல் 16, புதன்

டவுனுக்குப் போய் வந்தேன். கல்லணை மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியைத் தெரியாதவர் இங்கே கிடையாது. தனியார் பள்ளி டி.சி.யோடு வந்து நிற்கும் பெற்றோர் கூட்டம், ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். மாநகராட்சிப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்று ஜனம் பதறுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் பெருமாள்புரத்திலிருந்து ஆற்றைத் தாண்டி ஜங்ஷனில் பஸ் மாறிப் பத்து வயசுப் பிள்ளை தினமும் போய் வர முடியாது. இன்னொன்றும் உறுத்துகிறது. ஆகஸ்ட் 1ஆம் தேதிப் பிள்ளைகள் கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்கிறார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளியில் ஆசிரியர் உபரி. பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். ஆசிரியர் போனால் மிச்சப் பிள்ளைகளும் போகும். ஒரு பள்ளி நிரம்பி வழிகிறது என்று நாம் கைதட்டும்போது, அந்தப் பிள்ளைகளில் சிலராவது பக்கத்திலிருக்கும் இன்னொரு அரசுப் பள்ளிக்குப் போக வேண்டியவர்கள். நல்ல பள்ளி எது என்று தேடி அலையும் பெற்றோரை நம்பித்தான் ஊர்ப் பள்ளிகள் வாழவும் சாகவும் செய்கின்றன. கல்வித் துறையின் விதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. குறைந்தது வகுப்புக்கு ஓர் ஆசிரியர், பிள்ளைகள் எத்தனை பேரானாலும், என்று விதியை மாற்றினால்தான் தெருமுனைப் பள்ளி பிழைக்கும்.

மே 12, திங்கள்

தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. 25 சதவீத இலவச இடத்துக்கு எதிர்வீட்டில் சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருக்கிறார்கள். இந்த வருடம் விண்ணப்பமே திறக்கவில்லை. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று அந்த இடங்களுக்கான பணமும் சேர்ந்த சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருக்கிறது. நியாயம் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அதனால் ஆவதென்ன? "வட்டிக்கு வாங்கியாவது கட்டிருதோம்க்கா," என்றாள்.

ஜூன் 5, வியாழன்

சின்னவளை நடந்து போகும் தூரத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாயிற்று. பழைய பள்ளியில் கட்டிய பணத்தை நினைத்தால் கனவு மாதிரி இருக்கிறது. புத்தகம், நோட்டு, யூனிபார்ம் எல்லாம் இலவசம். திறன் பலகை இருக்கிறது, கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. தமிழ் ஐயா முதல் நாளே எல்லாரையும் ஊர்க்கதை சொல்ல வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ராத்திரி வரை அதே பேச்சு.

கணக்குக்கு ஆள் இல்லை. முன்பிருந்தவர் மாறுதலில் போய்விட்டார். அந்தப் பீரியடில் அறிவியல் டீச்சர் வந்து உட்கார்ந்து "சத்தம் போடாதிய" என்கிறாராம்.

ஜூலை 18, வெள்ளி

இன்னும் கணக்கு டீச்சர் வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆள் போடலாம். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000. அந்தச் சம்பளத்துக்கு எம்.எஸ்சி., பி.எட். முடித்த ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள். டியூஷன் சென்டரில் இதைவிடக் கூடக் கிடைக்கும் என்றாளாம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இப்படிச் சம்பளத்தைக் குறைத்து ஏமாற்றினால் படித்த பிள்ளைகள் எத்தனை நாள் ஒத்துழைப்பார்கள்?

ஒரு பள்ளி நல்லதா கெட்டதா என்று கேட்டால் இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதே ஆறாம் வகுப்பில் காலை பத்து மணிக்கு அது ஊரிலேயே நல்ல பள்ளி. பதினொன்றரைக்கு ஆளில்லாத பள்ளி. பலகையில் எழுதியிருக்கும் தேர்ச்சி சதவீதத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கால அட்டவணையை வாங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேலாண்மைக் குழுக் கூட்டம். சட்டப்படி முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள். வந்திருந்தவர்களில் பலர் வேலைக்கு நேரமாயிற்று என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உறுப்பினர் இல்லை. பேசலாமா என்று கேட்டுவிட்டுக் கால அட்டவணையை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னேன், காலியிடத்தைச் சிவப்பில் எழுதி. தலைமையாசிரியர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். "ஒட்டுங்கம்மா. நான் கேட்டா ஒரு லெட்டர், நீங்க கேட்டா பத்து லெட்டர்," என்றார்.

கணக்கு ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் எழுதினோம். திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டரின் குறைதீர்க்கும் நாள். இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், காலை வியாபாரம் முடிந்து பத்து மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். நகல் மூன்று எடுக்க வேண்டும்: கலெக்டருக்கு, முதன்மைக் கல்வி அலுவலருக்கு, எங்களுக்கு.